அச்சில் இல்லாத ஆட்டங்கள்: எதை மீட்பது, எதை விட்டுவிடுவது

1998ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் திவாலானது. ஸ்டார் வார்ஸ் உலகத்தை மேசைக்குக் கொண்டுவந்த பாத்திரமேற்பு விளையாட்டை 1987 முதல் வெளியிட்டு வந்த நிறுவனம் அது. விளையாட்டில் குறை ஒன்றும் இருக்கவில்லை. 1991இல் வெளிவந்த புதிய ஸ்டார் வார்ஸ் நாவலை எழுதத் திமோதி ஸான் அமர்த்தப்பட்டபோது, அந்த உலகின் கலங்களையும் இனங்களையும் படைப்பிரிவுகளையும் அறிந்துகொள்ள இந்த விளையாட்டின் நூல்களைத்தான் ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அவர் கையில் கொடுத்தது. ஆனால் பதிப்பகத்தின் வரவுசெலவு, அதே உரிமையாளரின் காலணி இறக்குமதி வியாபாரத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. செருப்பு வியாபாரம் படுத்தது. விண்கலங்களும் அதோடு சேர்ந்து படுத்தன. உரிமம் வேறு கைக்குப் போனது, பழைய விதிநூல்கள் கடைகளிலிருந்து மறைந்தன, இருபது ஆண்டுகள் கழித்து 2018இல்தான் முதல் பதிப்பின் இரண்டு நூல்கள் நினைவுப் பதிப்பாகத் திரும்பி வந்தன.

ஒரு நாவல் அச்சில் இல்லாமல் போவதற்கும் ஒரு மேசை விளையாட்டு அச்சில் இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. நாவலை வாசகர்கள் மறந்தால் பதிப்பாளர் மறுபதிப்புப் போடமாட்டார். பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான். பாத்திரமேற்பு விளையாட்டுக்கோ பெயர் ஒருவருடையது, உலகம் இன்னொருவருடையது, விதிகளை எழுதியவர் மூன்றாமவர், அட்டைகளையும் பகடைகளையும் வரைபடங்களையும் பெட்டியில் அடைத்து விற்றவர் நான்காமவர். இந்த நால்வரில் ஒருவருடைய ஒப்பந்தம் முடிந்தாலும் போதும், ஆயிரக்கணக்கானோர் விரும்பி ஆடிய ஆட்டமும் கடையில் கிடைக்காது. அச்சில் இல்லை என்பது ஓர் ஆட்டத்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால்தான், எதை மீட்கலாம் என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு.

இவ்வகை விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் சூழலை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்கிறார்கள். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை தீர்மானிக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகையின் தொடக்கம். பாத்திரமேற்பு விளையாட்டுக்கு ஆங்கிலச் சுருக்கம் ஆர்பிஜி; இன்றும் சென்னையில் 'ஆர்பிஜி ஆடுகிறோம்' என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் 'டி அண்ட் டி' என்றே பொருள்.

அசோக் நகரில் ஒரு நண்பரின் வீட்டில் ஞாயிறு மாலைகளில் கூடும் ஒரு சிறு குழுவில் நானும் ஒருவன். எங்கள் மேசையில் பேச்சு தமிழ், புத்தகம் ஆங்கிலம். கதை நடந்துகொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் தடித்த விதிநூலைப் புரட்டி, ஒரு மந்திரத்தின் வீச்சு எத்தனை அடி என்று தேடத் தொடங்கினால், அதுவரை தமிழில் ஓடிக்கொண்டிருந்த கதை அறுந்துவிடுகிறது. அந்த அனுபவத்திலிருந்துதான் பழைய விளையாட்டுகளின் பக்கம் திரும்பினேன். எது அழகான பெட்டி, எது அரிய பதிப்பு என்று சேகரிப்பாளர்கள் பார்ப்பதுபோல நான் பார்க்கவில்லை. இன்றைய மேசையில் இல்லாத எந்தக் கருவி இந்தப் பழைய பெட்டிக்குள் கிடக்கிறது, அது தமிழில் வாயால் சொல்லி ஆடக்கூடிய அளவுக்கு இலேசானதா என்ற இரண்டு கேள்விகளே என் அளவுகோல். இவற்றில் ஒன்றுகூடத் தமிழில் அச்சானதாக நான் கண்டதில்லை. ஆகையால் நம்மைப் பொறுத்தவரை மறுபதிப்பு என்பதே முதல் பதிப்புதான்.

இந்த அளவுகோலில் எளிதாகத் தேறுவது, கிரெக் ஸ்டாஃபர்ட் 1989இல் கேயாஸியம் நிறுவனத்துக்காக எழுதிய பிரின்ஸ் வேலியன்ட். பகடையே கிடையாது; நாணயங்களைச் சுண்டி, விழுந்த தலைகளை எண்ண வேண்டும். உடல் வலிமை ஒன்று, ஆளுமை ஒன்று என்று பாத்திரத்துக்கு இரண்டே அடிப்படைக் குணங்கள். அவற்றோடு சில திறமைகள். பூவா தலையா தெரிந்த எவரும் கால் மணி நேரத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். ஆட்டத்தின் நடுவில் ஓர் ஆட்டக்காரர் ஒரு காட்சிக்கு மட்டும் தானே கதைசொல்லியாகிவிட்டு மீண்டும் தன் இடத்துக்குத் திரும்பும் வழியும் அதில் இருந்தது. நெடுங்காலம் அச்சில் இல்லாமல் கிடந்து, 2016இல் கூட்டுநிதி திரட்டி மீட்கப்பட்டது. மீட்க முடியும் என்பதற்கு இது சான்று. இதைப் பற்றி மேலும் வாதாடத் தேவையில்லை.

அதைவிடச் சிக்கலானதும் எனக்கு அதிகம் பிடித்ததுமான விளையாட்டு, விக்டரி கேம்ஸ் 1983இல் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்ட் 007. இதன் பின்னணியே ஒரு தனிக் கதை. போர் விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றிருந்த எஸ்பிஐ என்ற நியூயார்க் நிறுவனத்தை 1982இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பதிப்பாளரான டிஎஸ்ஆர் தன் கைக்குள் கொண்டுவந்தபோது, அங்கிருந்த வடிவமைப்பாளர்கள் பலர் வெளியேறிப் போட்டி நிறுவனமான அவலான் ஹில்லின் நிழலில் விக்டரி கேம்ஸ் என்ற பெயரில் கூடினார்கள். ஜெரார்ட் கிறிஸ்டோஃபர் க்ளூக் தலைமையில் உருவான இந்த விளையாட்டு, உரிமம் எப்படி ஒரு படைப்பின் உள்ளேயே கை வைக்கும் என்பதற்கும் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பெக்டர் என்ற வில்லன் கூட்டத்தின் பெயர் அப்போது வேறொரு வழக்கில் சிக்கியிருந்தது. ஆகவே விளையாட்டில் அந்தக் கூட்டம் டாரோ என்று பெயர் மாறியது, அதன் தலைவனும் வேறு ஆளானான். 1987இல் உரிமம் முடிந்ததும் ஆட்டம் மறைந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த கருவி, துரத்தல் காட்சிக்கான ஏலம். பெரும்பாலான விளையாட்டுகளில் வண்டித் துரத்தல் சலிப்பூட்டும். ஆளுக்கொரு முறை பகடை உருட்டி, யார் எத்தனை அடி முன்னே என்று கணக்குப் போடுவதிலேயே வேகம் போய்விடும். இங்கே இரு தரப்பும் எவ்வளவு கடினமான வித்தைக்குத் துணிவோம் என்று ஏலம் கேட்கின்றன. காரியத்தின் எளிமையைக் குறிக்கும் எண்ணைப் படிப்படியாகக் குறைத்துக் கேட்க வேண்டும். மிகக் குறைவாகக் கேட்டவர், அந்தச் சுற்றில் யார் முந்துவது என்று முடிவு செய்யும் உரிமையைப் பெறுகிறார், ஆனால் தான் கேட்ட அந்தக் கடினத்திலேயே பகடையை உருட்டியாக வேண்டும். துணிச்சலும் அசட்டுத் துணிச்சலும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. விளையாட்டு வெளிவந்த அதே 1983இல் வந்த பாண்ட் படம் ஆக்டோபஸி; அதில் உதய்ப்பூரில் நடப்பதாக வரும் துரத்தலில் ஆட்டோ ஓட்டியவர் நம் சென்னைக்காரரான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். கத்திபாராவில் எந்தப் பக்கம் இறங்குவது என்று இரண்டு ஆட்டோக்கள் கடைசி நொடியில் முடிவெடுக்கும் காட்சியை இந்த ஏல விதியைக் கொண்டு நாங்கள் ஆடிப் பார்த்தோம். ஏலம் கேட்பது தமிழிலேயே நடந்தது. ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. படத்தின் பெயரோ பாண்டின் பெயரோ எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை, அந்த விதி மட்டுமே தேவைப்பட்டது.

சீட்டுகளை நம்பிய விளையாட்டுகளும் உண்டு. ஜோனதன் ட்வீட் வடிவமைத்து 1995இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட எவர்வே அவற்றில் முதன்மையானது. அதில் பாத்திரத்தை எண்களிலிருந்து தொடங்குவதில்லை. ஓவிய அட்டைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் தெரிவதையெல்லாம் தன் பாத்திரத்தின் கடந்தகாலமாகச் சொல்ல வேண்டும். பிறகு நெருப்பு, நிலம், காற்று, நீர் என்ற நான்கு பூதங்களுக்கும் 20 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். (ஐந்தாவது பூதமான வானத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எங்கள் மேசையில் ஒருவருக்கு இன்னமும் குறை.) ஆட்டத்தில் முடிவு தெரியாத தருணம் வந்தால், கேம் மாஸ்டர் 36 அட்டைகள் கொண்ட ஊழ்ச்சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறார். அதில் வெற்றி, தோல்வி என்று எழுதியிருக்காது. ஒரு படமும் அதன் பொருளும் இருக்கும், தலைகீழாக வந்தால் பொருள் மாறும். நடந்துகொண்டிருக்கும் கதைக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது என்று அவர் விளக்க வேண்டும்.

அன்றைய அமெரிக்க விமர்சகர்கள் சிலருக்கு இது பிடிபடாத விளையாட்டாகவே இருந்தது. பகடை இல்லாமல் எப்படி நியாயமாக ஆடுவது என்று கேட்டார்கள். மெரினாவில் கிளி ஜோசியரின் முன்னால் குந்தியிருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. கூண்டிலிருந்து வெளியே வரும் கிளி, வரிசையாக அடுக்கிய சீட்டுகளில் ஒன்றை அலகால் இழுத்துப் போடும். அதில் ஒரு சாமி படம் இருக்கும். படம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் எதிரே இருப்பவர் கல்யாணத்துக்குக் காத்திருப்பவரா, வழக்கில் மாட்டிக்கொண்டவரா என்று முகத்தைப் பார்த்தே கணித்து, அந்தப் பொதுப் படத்தை அந்த ஒருவருக்கான சேதியாக மாற்றுவதில்தான் ஜோசியரின் தொழில் இருக்கிறது. எவர்வேயின் கேம் மாஸ்டர் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். அந்த விளையாட்டு வெளிவந்த சில மாதங்களிலேயே பதிப்பாளர் தன் பாத்திரமேற்பு விளையாட்டுப் பிரிவைக் கைவிட்டதால் அது கைமாறி அலைந்தது. பின்னாளில் வெள்ளிவிழாப் பதிப்பு ஒன்றும் வந்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் அதை மீட்பதென்றால், இறக்குமதிப் பெட்டியை வாங்குவதைவிட, கிளி ஜோசியச் சீட்டுக் கட்டு ஒன்றை மேசையில் வைப்பதே குறுக்குவழி என்று நினைக்கிறேன்.

மீட்கத் தகுந்தவை என்று தொகுக்கப்படும் எல்லாப் பட்டியல்களிலும் தவறாமல் இடம்பெற்று வந்த ஒரு பெயரைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 1975இல் டிஎஸ்ஆர் வெளியிட்ட எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன். அதை உருவாக்கிய எம். ஏ. ஆர். பார்க்கர் மொழியியலாளர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதுவும் தெற்காசிய ஆய்வுகளும் கற்பித்தவர். அவருடைய டெகுமெல் உலகில் ஐரோப்பியக் கோட்டைகளும் குதிரைவீரர்களும் இல்லை. குதிரையே இல்லை, இரும்பும் அரிது. குலங்கள், கோயில்கள், அடுக்கடுக்கான அதிகாரிகள், அவர்கள் பேசுவதற்கென்றே இலக்கணத்தோடும் தனி எழுத்தோடும் அவர் உருவாக்கிய ட்ஸொல்யானி மொழி என்று, இந்தியாவையும் நடு அமெரிக்கத் தொல்நாகரிகங்களையும் நினைவூட்டும் கட்டுமானம் அது. ஆட்டக்காரர்கள் ஜக்கல்லா என்ற துறைமுக நகரில் படகிலிருந்து இறங்கும் அயலார்களாகத் தொடங்குவார்கள். அயலார் குடியிருப்பைத் தாண்டி நகருக்குள் செல்ல யாராவது ஒரு புரவலரின் தயவு வேண்டும். ஆயுதம் ஏந்திக் குகைக்குள் நுழைவதே ஆட்டம் என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு புதிது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பார்க்கர் 2012இல் இறந்தார். 1991இல் புனைபெயரில் வெளிவந்த ஒரு நவநாஜி நாவலை எழுதியவர் அவரே என்பதை, அவருடைய உலகைப் பேணிவரும் அறக்கட்டளையே 2022இல் உறுதிப்படுத்தியது. யூதப் படுகொலையை மறுக்கும் ஓர் இதழின் ஆலோசனைக் குழுவில் அவர் பெயர் இருந்ததும் வெளிப்பட்டது. இதன் பிறகு அந்தப் பெட்டிக்குப் புதுப் பதிப்பு வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. படைப்பையும் படைத்தவரையும் பிரித்துப் பார்க்கலாம் என்ற பழைய வாதம் இங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பாத்திரமேற்பு விளையாட்டில் நாம் அவருடைய உலகத்தை வாசித்துவிட்டு மூடிவைப்பதில்லை, வாராவாரம் அதற்குள் குடியிருக்கிறோம். மேலும், அதிலிருந்து நமக்குத் தேவையானது என்ன? அயலாராகத் துறைமுகத்தில் இறங்கி, குல வழக்கம் தெரியாமல் தடுமாறும் அந்தத் தொடக்கக் காட்சிதான். புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் குடியிருப்பு இருந்ததைப் பள்ளியிலேயே படித்தவர்கள், அந்தக் காட்சிக்காக டெகுமெல் வரை போக வேண்டியதில்லை.

இனி, சட்டம் எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது என்ற கேள்வி. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: பதிப்புரிமை கருத்துக்கு இல்லை, கருத்து வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு. துரத்தலில் ஏலம் கேட்பது என்பது கருத்து. அதை விளக்கி எழுதிய பத்திகள், அட்டையிலுள்ள ஓவியம் ஆகியவை வடிவம். பாண்ட் என்ற பெயரோ வணிகச் சின்னம். ஆகவே விதிநூலை வரிக்கு வரி மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டும். விதியை உள்வாங்கி நம் சொற்களில், நம் எடுத்துக்காட்டுகளோடு புதிதாக எழுத அந்த அனுமதி வேண்டியதில்லை. பழைய விளையாட்டுகளைப் பின்பற்றிப் புதிய பெயரில் வரும் நூற்றுக்கணக்கான விதிநூல்கள் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

உரிமையாளரே கதவைத் திறந்துவிட்டதும் நடந்திருக்கிறது. வெஸ்ட் எண்டின் ஆறுமுகப் பகடை விதித்தொகுதி, பின்னாளில் அதை வாங்கியவரால் திறந்த உரிமத்தில் பொதுவில் வைக்கப்பட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்தன. தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது, 1949இல் அரசு உரிமைகளைப் பெற்று, பிறகு அவை பொதுவாயின. நாட்டுடைமை என்ற சொல்லே அன்றாடச் சொல்லாகிவிட்ட மாநிலம் இது. ஆனால் நாட்டுடைமையானாலும் மூலப்பிரதி எங்காவது இருக்க வேண்டுமே என்பது வேறு சிக்கல். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்கள் கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். இறக்குமதியான விளையாட்டுப் பெட்டிக்கு அந்த விதி கிடையாது. லஸ் கார்னர் நடைபாதையில் எனக்குக் கிடைத்த பழைய விளையாட்டு நூல் ஒன்றின் முன்பக்கத்தில், முந்தைய சொந்தக்காரர் தன் பாத்திரத்தின் எண்களைப் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தார். நூலகத்தில் இருந்திருந்தால் அது சேதம்; எனக்கு அதுவே ஆவணம்.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் மீட்கத் தகுந்ததாக நான் காணாத ஒன்றைச் சொல்கிறேன். எஸ்பிஐ 1980இல் வெளியிட்ட டாலஸ். ஆம், எண்ணெய்க் கிணற்றுக் குடும்பத்தின் சண்டையைக் காட்டிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்தான். வாள் இல்லை, மந்திரம் இல்லை. இணங்கவைத்தல், மிரட்டல், மயக்குதல், துப்பறிதல் ஆகியவையே பாத்திரங்களின் ஆயுதங்கள். சொத்து யார் கைக்குப் போகிறது, இரகசியம் யாரிடம் சிக்குகிறது என்பதே வெற்றி தோல்வி. விற்பனையில் அது படுதோல்வி. எஸ்பிஐயின் வாடிக்கையாளர்கள் நெப்போலியன் காலப் படைகளை அட்டைச் சதுரங்களாக வரைபடத்தில் நகர்த்துபவர்கள். அவர்களுக்குக் குடும்பச் சண்டை வேண்டியிருக்கவில்லை. தொடரைப் பார்த்தவர்களோ விளையாட்டுக் கடைக்கு வந்தவர்கள் அல்லர். இன்று அதை முறைப்படி மறுபதிப்புச் செய்ய வேண்டுமானால், எஸ்பிஐயின் சொத்துகள் டிஎஸ்ஆருக்கும், 1997இல் டிஎஸ்ஆர் விஸார்ட்ஸுக்கும், 1999இல் விஸார்ட்ஸ் ஹாஸ்ப்ரோவுக்கும் போன வழியில் ஒரு கையெழுத்தும், தொடரின் உரிமையை வைத்திருக்கும் வார்னரிடம் இன்னொரு கையெழுத்தும் வாங்க வேண்டும். யாரும் வாங்காத ஒரு பெட்டிக்காக இரண்டு பெருநிறுவனங்களின் வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பேசப்போவதில்லை.

ஆனால் இரவு ஒன்பது மணித் தொடரை நாள் தவறாமல் பார்க்கும் ஊரில் இந்த விளையாட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. விதிகளை நான்கு பக்கங்களில் தமிழில் திரும்ப எழுதினேன். டெக்சாஸ் பண்ணை, காரைக்குடியிலிருந்து வந்து தியாகராய நகரில் நகைக்கடை வைத்த கூட்டுக்குடும்பமானது. பகடைக்குப் பதில் தாயக்கட்டை. ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகம் கொண்ட இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 சேர்க்கைகள். அவற்றில் 10 சேர்க்கைகள் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்களில் விழும், தாயம் இரண்டில், ஐந்து இரண்டில், ஆறு ஒன்றில், பன்னிரண்டு ஒன்றில். இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. இதிலோ பெரும்பாலான நாட்கள் சாதாரணமாகக் கழிந்து, எப்போதோ ஒரு முறை பன்னிரண்டு விழுந்து வீடே தலைகீழாகும். குடும்பக் கதைக்கு இந்தப் பரவல்தான் பொருத்தம். 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது டிஎஸ்ஆரே தன் பெட்டிகளில் பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பியது என்பதால், மரபு மீறினோம் என்ற குற்றவுணர்வும் எங்களுக்கு இல்லை.

முதல் ஆட்டத்தில், வீட்டுக்கார நண்பரின் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளான கேரக்டர் ஷீட்டை வாங்கி நான்கு ஆயுதங்களின் பெயரையும் ஒரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, ரெண்டு நாள் சாப்பிடாம படுத்துக்கிட்டா அது இதுல எந்தக் கணக்கு?" என்று கேட்டார். மூல விதிநூலில் இதற்கு விடை இல்லை. இணங்கவைத்தல் என்று இருவரும், மிரட்டல் என்று மூவரும் வாதிட்டார்கள். அரை மணி நேரம் போனது. இப்போதைக்கு அது ஷீட்டின் ஓரத்தில் ஐந்தாவது ஆயுதமாகப் பென்சிலில் எழுதப்பட்டிருக்கிறது.